செயப்பாட்டு வினை

சத்துவாச்சாரியில், கலெக்டர் ஆபீஸ் எதிரே,
பக்கத்துக்கு இருபத்தைந்து ரூபாய் என் கூலி.
மனு, ஒப்பந்தம், கண்ணீர் அஞ்சலி
எதுவானாலும் அதே ரேட்டு.
முனிரத்தினம் சார் கொண்டுவந்தது நாவல்.
ராணிப்பேட்டை பாய்லர் கம்பெனியில் இன்ஜினியராக இருந்தவர்.
கோடு போட்ட நோட்டு ஏழு, பச்சை மை.

அதில் அவர்கள் ஜெயித்துவிட்டார்கள்.
நாற்பத்து மூன்றில் கப்பல் வருகிறது.
காட்பாடி ஜங்ஷனில் அறிவிப்புக்கு வேறு பாஷை,
கோட்டைமேல் வேறு கொடி,
அகழியில் மறுபடி முதலை.

இந்த ஊருக்கு ஒரு வசவு உண்டு:
நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை,
ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்.
கோயிலுக்குச் சாமி வந்து நாற்பது வருஷத்துக்கு மேலாச்சு,
வசவை யாரும் திருத்தவில்லை.
சார் நாவலில் கோட்டைக்கும் ராஜா வந்துவிட்டார்.
இல்லாததை எல்லாம் நிரப்பினால் என்ன ஆகும் என்றுதான்
எழுத உட்கார்ந்தாராம்.

பதினோராம் அத்தியாயம்.
பேர்ணாம்பட்டில் தோல் ஷாப்பு ஆட்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர்
ராத்திரியில் லாரியில் ஏற்றப்படுகிறார்கள்.
அதற்கு முன்னால் ஒரே ஒரு வரி:
"பட்டியல் தட்டச்சு செய்யப்பட்டது."

அங்கே என் விரல் நின்றது.
செய்யப்பட்டது.
யாரால் என்று வாக்கியம் சொல்லவில்லை.
படுவது என்றால் நம் பாஷையில் வேதனைப்படுவதும்தான்.
இங்கே பட்டது யார்?
பட்டியலா?

நானூற்றுப் பன்னிரண்டு பெயர், தகப்பன் பெயர், தெரு.
பழைய மெஷினில் அடித்தால் ஒரு ராத்திரி, ஒரு பகல்.
கார்பன் மூன்று. நடுவில் ஒரு டீ.
முதுகு வலித்திருக்கும் அவளுக்கு.
அப்துல் வாஜித் என்பதில் ஒரு எழுத்து பிசகி
ரப்பரால் அழித்துத் திருத்தியிருப்பாள்,
வேலை சுத்தம் என்று பேர் வாங்கினவள்.
திருத்தாமல் விட்டிருந்தால் ஒருவன் பிழைத்திருப்பானா?
சாரிடமே கேட்டேன்.
"அவ ஒரு கேரக்டரே இல்லம்மா" என்றார்.
"அவ இல்லன்னா வேற ஒருத்தி அடிச்சிருப்பா."

கப்பல் வராமல் போகலாம்,
தளபதிக்குக் காய்ச்சல் கண்டு
சண்டை இந்தப் பக்கம் சாயலாம்.
வேற ஒருத்தி மட்டும் எல்லாச் சரித்திரத்திலும்
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்கிறாள்.
அப்படியானால் யார்மேலும் குற்றம் இல்லையா?
இல்லை, அந்த வேற ஒருத்தியும்
உட்காரும்போதெல்லாம்
ஒரு ஒருத்திதானா?

போன ஆடியில் ஒரு நகர் நலச்சங்கம் வந்தது.
வந்தவர் மரியாதையானவர், சில்லறை தேடிக் கொடுத்தார்.
யாருக்கு வீடு விடக்கூடாது என்றெல்லாம் தலைப்பில் இல்லை,
"குடியிருப்போர் விவரம்" என்றுதான்.
மூன்றாவது கட்டத்தில் மட்டும் சிலருக்கு ஒரு டிக்.
டிக் ஏன் என்று பெயரைப் படித்தாலே தெரிந்தது.
இரண்டு பக்கம், ஐம்பது ரூபாய்.
எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை.
அடுத்த கடை பத்தடி தள்ளித்தான்,
அதுவும் அன்றைக்கு எனக்கு ஞாபகம் இருந்தது.

நேற்று ராத்திரி சார் வரியை மாற்றினேன்.
பட்டியலை ஒருத்தி அடித்தாள் என்று.
அவளுக்கு டீ கொடுத்தேன், முதுகு வலி கொடுத்தேன்,
வாஜித் பெயரில் பிசகை அழிக்காமல் விடவைத்தேன்.
பெயர் வைக்கப் போனபோதுதான்
கை வரவில்லை.

வரிகள் கூடியதில் லாரி
அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது.
அவ்வளவுதான் தள்ள முடிந்தது.
நாளைக்கு ப்ரூஃப் பார்க்க வருவார்.
அந்தக் கூடுதல் பக்கத்துக்குக்
காசு கேட்கவா, வேண்டாமா?